பந்து உதைச்சு கலெக்டர் ஆகப்போறியா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். இரண்டாம் ஆண்டு, மாவட்ட அணிக்கு ஆடுகிறவர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஏதோ ஒரு நாட்டில் தொழில்முறை கால்பந்து வீரர் ஒருவர் பிறகு நிதியமைச்சராகி, கடைசியில் தூதராகவும் இருந்தாராமே, உண்மையா? எப்படி ஆனார்? எங்க அப்பா தினமும் 'பந்து உதைச்சு கலெக்டர் ஆகப்போறியா'ன்னு கேக்கறார். நம்ம பக்கத்துல அப்படி ஆக வழி ஏதாவது இருக்கா?"

உண்மைதான், தம்பி. நாடு ஐஸ்லாந்து. ஆள் பெயர் ஆல்பர்ட் குட்மண்ட்சன். 1923-ல் பிறந்து 1994-ல் மறைந்தவர்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், அது நமக்குப் பழகிய சங்கதி. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'சன்' சேர்த்தால் மகன், 'டோட்டிர்' சேர்த்தால் மகள். நம்ம இனிஷியலேதான், முன்னால் போடாமல் பின்னால் போட்டிருக்கிறார்கள். பிரதமராக இருந்தாலும் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் நானும் ஆல்பர்ட் என்றே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. 80-களில் வேலூரில் கல்லூரி அணிக்கு லெஃப்ட் அவுட் ஆடியவன். பாலாற்றில் தண்ணீர் வராதது ஊருக்கு நஷ்டம், எங்களுக்கு லாபம். அந்த மணலில் ஓடித்தான் காலில் பலம் ஏறியது. முழங்கால் போனபிறகு பரீட்சை எழுதி வணிக வரித் துறையில் சேர்ந்து, மற்றவர்கள் கணக்கைப் பார்த்தே ரிட்டையர் ஆனேன். ஆல்பர்ட் கதையில் பந்தும் இருக்கிறது, வரிக் கணக்கும் இருக்கிறது. அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ருசி.

ஐஸ்லாந்து டென்மார்க் பிடியிலிருந்து விலகிக் குடியரசானது 1944 ஜூன் 17-ஆம் தேதி. அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நம்ம வேலூர் மாநகராட்சியில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரிலிருந்து ஒரு பையன் வணிகவியல் படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போகிறான். கவனிக்கவும், போனது படிக்க. படித்துக்கொண்டே அங்குள்ள ரேஞ்சர்ஸ் அணிக்குச் சம்பளம் வாங்காமல் ஆடினான். ஆட்டத்தைப் பார்த்து லண்டன் ஆர்சனல் கூப்பிட்டது. 1946-ல் அங்கே இரண்டே லீக் ஆட்டங்கள். வேலை செய்ய அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை, மூட்டையைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஒரு காகிதம் கிடைத்திருந்தால் அவர் இங்கிலாந்திலேயே நின்றிருப்பார், பிரெஞ்சு கற்றிருக்க மாட்டார், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்: திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஆளை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதே 1946 ஜூலையில் ஐஸ்லாந்து தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. டென்மார்க்கிடம் 0-3 தோல்வி. ஆல்பர்ட் அந்த அணியில் இருந்தார். அப்புறம் பிரான்சில் நான்சி அணி, 1948-ல் இத்தாலியில் மிலான், முழங்காலில் அடி, திரும்பவும் பிரான்ஸ், பாரிஸின் ராசிங் கிளப், கடைசியாக நீஸ். ஐஸ்லாந்திலிருந்து போய்ச் சம்பளத்துக்கு ஆடிய முதல் தொழில்முறை வீரர் அவர்தான். ஏழெட்டு வருடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. ஊர் திரும்பும்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். உங்கள் கேள்வி 'வீரர் எப்படித் தூதரானார்' என்று இருக்கிறது. வீரர் நேராகத் தூதர் ஆகவில்லை. நடுவில் முப்பத்தைந்து வருடம் கிடக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் கைதட்டல் இல்லை.

திரும்பி வந்தவர் செய்தது வியாபாரம். வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்து மொத்தமாக விற்பது. கிளாஸ்கோவில் படித்த வணிகப் படிப்பு அங்கே உதவியது. பாரிஸில் பழகிய ஆட்களும் மொழியும் அங்கே உதவின. கூடவே உள்ளூர் அணிகளில் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். 1967-ல் கோபன்ஹேகனில் ஐஸ்லாந்து அணி டென்மார்க்கிடம் 14-2 என்று தோற்றது. ஆமாம், பதினாலு. ஒரு நாடே தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட நாள் அது. அடுத்த வருடம் 1968-ல் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் பொறுப்பை ஆல்பர்ட் ஏற்றார், 1973 வரை அதில் இருந்தார். அடிவாங்கிய சங்கத்துக்கு யார் தலைவராக வருவார்கள்? நம்ம ஊரில் சங்கப் பதவி என்றால் மாலை, மேடை. அங்கே அந்த நேரத்தில் அது தலைவலி. அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

1970-ல் தலைநகர் ரெய்க்யாவிக்கின் நகர மன்ற உறுப்பினரானார், 1986 வரை அந்தப் பதவியில் இருந்தார். கவுன்சிலர் வேலை எப்படி இருக்கும் என்று சத்துவாச்சாரியிலோ சைதாப்பேட்டையிலோ ஒரு வார்டு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். 1974-ல் நாடாளுமன்றத்துக்கு. 1980-ல் ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டார், மூன்றாம் இடம். ஜெயித்தவர் விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் ஜனாதிபதி. அவரிடம் தோற்றதில் அவமானம் ஒன்றும் இல்லை. 1983 மே மாதம் ஆல்பர்ட் நிதியமைச்சர். 1985 அக்டோபரில் தொழில் துறைக்கு மாற்றம்.

நிதியமைச்சராக இருந்தபோது ஒரு கூத்து நடந்தது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரெய்க்யாவிக்கில் 1924 முதல் நாய் வளர்க்கத் தடை. நாட்டின் கஜானாச் சாவியை வைத்திருந்த அமைச்சரோ வீட்டில் லூசி என்று ஒரு நாய் வளர்த்துக்கொண்டிருந்தார். 1984-ல் விஷயம் வெளியே வந்தது. 'நாயைக் கைவிடுவதைவிட நாட்டை விட்டே போய்விடுவேன்' என்ற தொனியில் பேசினார், உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. அந்த வருடமே நிபந்தனைகளோடு நாய் வளர்க்க அனுமதி வந்தது. சட்டம் போடுகிற இடத்தில் இருப்பவர் சட்டத்தை மீறலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில். ஆனால் ஊர் அவர் பக்கம் சிரித்தது என்பதும் உண்மை. பெரிய கட்சிக்காரர் என்பதைவிட நம்ம ஆல்பர்ட் என்ற பிரியம் ஜனங்களிடம் இருந்தது. அது பந்து சம்பாதித்துக் கொடுத்தது.

அடுத்தது சிரிப்பு இல்லை. ஹாஃப்ஸ்கிப் என்று ஒரு கப்பல் நிறுவனம். ஆல்பர்ட் முன்பு அதன் இயக்குநர் குழுத் தலைவராக இருந்தவர். 1985 கடைசியில் அந்த நிறுவனம் திவாலானது. அதற்குக் கடன் கொடுத்திருந்த அரசு வங்கியும் அடிபட்டது. அந்த நிறுவனத்திடமிருந்து தனக்கு வந்த தொகையை ஆல்பர்ட் வருமான வரிக் கணக்கில் காட்டவில்லை என்று தெரியவந்தது. 1987 மார்ச்சில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். நாட்டின் வரியை வசூலிக்கும் துறைக்கு அமைச்சராக இருந்தவரின் சொந்தக் கணக்கில் ஓட்டை. நான் பார்த்த வேலைக்கு இதைவிடப் பெரிய தவறு கிடையாது. விளையாட்டில் பெயர் வாங்கியவர் என்பதற்காக இதைப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் ஆள் உட்காரவில்லை. விலகிய கையோடு குடிமக்கள் கட்சி என்று பொருள்படும் பெயரில் புதுக் கட்சி ஆரம்பித்தார். தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஏப்ரல் 25-ஆம் தேதி வாக்குப்பதிவு. 63 இடங்கள் உள்ள நாடாளுமன்றத்தில் புதுக் கட்சிக்கு 7 இடம், கிட்டத்தட்ட 11 சதவீத ஓட்டு. அவருடைய மகனும் அதில் ஜெயித்து உள்ளே வந்தார். அவரும் கால்பந்து ஆட்டக்காரர். வாரிசு அரசியல் நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

1989-ல் ஆல்பர்ட் நாடாளுமன்றத்தை விட்டு, பிரான்சுக்கான ஐஸ்லாந்துத் தூதராகப் பாரிஸ் போனார். 1993 வரை அங்கே இருந்தார். நாற்பது வருடம் முன்பு அரைக்கால் சட்டையோடு பந்து உதைத்த அதே பாரிஸில், கோட்டு சூட்டோடு நாட்டின் பிரதிநிதி. கேட்கச் சினிமாபோல இருக்கும். பின்னால் இருக்கும் அரசியலையும் பார்க்க வேண்டும். அவர் போன அதே வருடம், அவர் கட்சி அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த கூட்டணி அரசில் சேர்ந்தது. கட்சியை உருவாக்கிய தலைவர் மரியாதையாக வெளிநாடு போய்விட்டால் பலருக்கு நிம்மதி. உலகம் முழுக்கத் தூதர் பதவிக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு. நம்ம நாட்டில் கவர்னர் பதவியைப் பற்றிப் பேசும்போது டீக்கடையில் சொல்வார்களே, அதே கணக்கு. ஆனாலும் அவரை அனுப்ப வேறு நாட்டைத் தேடாமல் பிரான்சைத் தேர்ந்தார்கள் பாருங்கள், அதற்குக் காரணம் அவருடைய பிரெஞ்சும் பழைய பழக்கமும்தான்.

தூதர் என்ற சொல்லை இப்போது எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். பல் துலக்கும் பேஸ்டுக்குக்கூட ஒரு விளம்பரத் தூதர் இருக்கிறார். யுனிசெஃப் மாதிரி அமைப்புகளின் நல்லெண்ணத் தூதர் என்பது கௌரவம். முகம் காட்டி, நல்ல காரியத்துக்குக் குரல் கொடுப்பது. பீலே, ஜார்ஜ் வெயா எல்லாரும் அப்படி இருந்தவர்கள். அதில் தவறு ஒன்றுமில்லை, பல குழந்தைகளுக்குத் தடுப்பூசி போய்ச் சேர அந்த முகங்கள் உதவியிருக்கின்றன. ஆனால் ஒரு நாட்டின் தூதர் என்பவர் வேறு. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, ஒருவரைத் தூதராக அனுப்புமுன் அந்த நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வந்தபிறகு போய், அந்நாட்டுத் தலைவரிடம் நியமனப் பத்திரத்தை நேரில் கொடுத்த பிறகே முழு அதிகாரம் என்பது பொதுவான வழக்கம். அப்புறம் நாள்தோறும் கடிதம், வியாபாரப் பேச்சு, பாஸ்போர்ட் தொலைத்தவன் புலம்பல், சிறையில் மாட்டியவன் வழக்கு, ஊரிலிருந்து வரும் மந்திரிக்கு வரவேற்பு. ஐஸ்லாந்து மாதிரிச் சின்ன நாட்டின் தூதரகத்தில் ஆட்களும் கொஞ்சம்தான். மீனை யாருக்கு என்ன விலைக்கு விற்பது என்பது அந்த நாட்டுக்கு உயிர்ப் பிரச்சினை. இறக்குமதி வியாபாரம் பார்த்த ஒருவர் அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர்தான்.

மற்ற கால்பந்துக்காரர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பீலே 1995 முதல் 1998 வரை பிரேசிலில் விளையாட்டுத் துறைச் சிறப்பு அமைச்சர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைக் கிளப் தன் சொத்துபோல வைத்திருந்த வழக்கத்தை உடைத்த 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அங்கே அவர் பெயரே நின்றுவிட்டது. அடித்த கோல்களைவிட அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிரேசிலின் ரொமாரியோ 2014-ல் செனட்டர். ஜார்ஜியாவின் காகா கலாட்ஸே மிலானில் ஆடிவிட்டு எரிசக்தி அமைச்சராகி, 2017-லிருந்து திபிலிசி நகர மேயர். கேமரூனின் ரோஜர் மில்லாவுக்கு அந்நாட்டு அரசு சுற்றுத் தூதர் பதவி கொடுத்தது.

பதவியே இல்லாமல் தூது போனவர் ஐவரி கோஸ்டின் டிடியே ட்ரோக்பா. 2005 அக்டோபரில் சூடானில் 3-1 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்கு முதல்முறை தகுதி பெற்ற அன்று, உடைமாற்றும் அறையில் அணி முழுவதும் மண்டியிட, சண்டைபோடும் இரு தரப்பையும் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சினார். 2007-ல் கிளர்ச்சியாளர்களின் தலைநகரான புவாக்கேயில் தேசிய அணி ஆட வேண்டும் என்று நின்றார், ஆடினார்கள், மடகாஸ்கரை 5-0 என்று வென்றார்கள். 'ட்ரோக்பா போரை நிறுத்தினார்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, அது மிகை. அந்த வருடம் மார்ச்சில் இரு தரப்பும் உட்கார்ந்து உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தன. 2010 தேர்தலுக்குப் பின் மறுபடியும் ரத்தம் ஓடியது. ஆனால் அந்த ஆட்டம் நடந்த மாலையில் இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே பக்கம் கத்தினார்கள். அதை எந்த அதிகாரியாலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டிய கதை லைபீரியாவின் ஜார்ஜ் வெயாவுடையது. 1995-ல் உலகின் சிறந்த வீரர், 'பலோன் தோர்' என்ற தங்கப் பந்து விருது வாங்கியவர், மன்ரோவியாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். ஆட்டத்தை விட்டதும் 2005-ல் நேராக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். முதல் சுற்றில் 28 சதவீதத்தோடு முதலிடம். எதிரில் எலன் ஜான்சன் சர்லீஃப், ஹார்வர்டில் படித்தவர், உலக வங்கியில் வேலை பார்த்தவர். 'இவருக்குப் படிப்பு எங்கே' என்ற ஒரே கேள்வியை வைத்து அடித்தார்கள். இரண்டாம் சுற்றில் வெயாவுக்கு 40 சதவீதம்தான். தோற்றவர் என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்து படித்தார். பள்ளிப் படிப்பை முடித்து, அமெரிக்காவில் வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கினார். 2011-ல் துணை ஜனாதிபதி வேட்பாளர், தோல்வி. 2014-ல் செனட்டர். 2017 டிசம்பரில் 61 சதவீதத்தோடு ஜனாதிபதி. 2023-ல் ஒரு சதவீதம்போல வித்தியாசத்தில் தோற்றார். முழு எண்ணிக்கை வருமுன்பே எதிராளிக்குப் போன் போட்டு வாழ்த்திவிட்டு இறங்கினார். உள்நாட்டுப் போர் பார்த்த நாட்டில் அது சாதாரணக் காரியம் இல்லை. ஆட்சி எப்படி என்று கேட்டால் குறை சொல்ல நிறைய உண்டு. இறங்கிய விதத்தில் குறை இல்லை.

நம்ம பக்கம் வருகிறேன். 'பழக்கமில்லாதவனைத் தூதராகப் போடுவார்களா' என்பதற்கு வேலூரிலேயே பதில் இருக்கிறது. ஆபீசர்ஸ் லைனில் ஊரிசுக் கல்லூரி வழியாகப் போகிறீர்களே, அங்கே படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியர். வெளியுறவுத் துறையில் ஒரு நாள் வேலை பார்த்தவரில்லை. 1949-ல் நேரு அவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார், ஸ்டாலின் இருந்த மாஸ்கோவுக்கு. 1952 வரை அங்கே இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வகித்த பேராசிரியர் பதவியையும் அந்தக் காலத்தில் விடவில்லை. அதாவது தூதராக வெளியுறவு அதிகாரிதான் வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அரசு நினைத்தால் யாரையும் அனுப்பலாம். ஆனால் இந்திய அரசு இதுவரை நினைத்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், அரசியல்வாதிகள், ரிட்டையர் ஆன அதிகாரிகள், தளபதிகள். ஆட்டக்காரர்கள் பக்கம் பார்வை போனது அபூர்வம். மாநிலங்களவைக்கு பி.டி. உஷா மாதிரி நியமிக்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: அரசியல் சட்டத்தின் 80-ஆவது பிரிவு நியமன உறுப்பினருக்குச் சொல்லும் துறைகள் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை. விளையாட்டு என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியக் கால்பந்தில் பொது சேவை என்றால் என் மனதுக்கு முதலில் வருகிறவர் டாக்டர் டி. ஆவோ. இவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது புத்தகத்திலிருந்து இல்லை. சி.எம்.சி. மருத்துவமனை எதிரில் லாட்ஜுகள் நிறைந்த சந்துகள் உங்களுக்குத் தெரியும். போர்டு எல்லாம் வங்காளியில் இருக்கும், மீன் குழம்பு வாசனை தெருமுனைக்கே வரும். வைத்தியத்துக்கு வந்த நோயாளிகளுக்குத் துணையாக வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குச் சாயங்காலம் போக்க வழியில்லை. டீக்கடையில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தா கால்பந்து அணிகளைப் பற்றி ஆரம்பித்தால் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை ஓயாது. நாகாலாந்திலிருந்து அம்மாவைக் கூட்டிவந்திருந்த ஒரு பெரியவர்தான் அந்தக் கூட்டத்தில் நுழைந்து, "மோகன் பகானுக்குக் கேப்டனாக இருந்தவர் எங்க ஊர் டாக்டர்" என்றார்.

தலிமெரன் ஆவோ 1918-ல் நாகா மலையில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்துக் கேப்டன். பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடிய அணி அது. பிரான்சிடம் 1-2 தோல்வி. இரண்டு பெனால்டிகளை நாம் வீணாக்கினோம், அது இன்னும் வலிக்கிறது. நமக்காக விழுந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஊர் திரும்பிய ஆவோ எம்.பி.பி.எஸ்.ஸை முடித்தார், பந்தை ஓரமாக வைத்தார், கொஹிமாவுக்கு அரசு மருத்துவராகப் போனார். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் சுகாதாரத் துறை இயக்குநர். 1978-ல் ரிட்டையர். பணம் இருக்கிற கல்கத்தாவை விட்டுவிட்டு, தொலைதூர மலைக்கு வைத்தியம் பார்க்கப் போன ஒலிம்பிக் கேப்டன். ஆல்பர்ட்டா ஆவோவா என்றால் எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஐரோப்பாவில் வீரர் முதலில் சம்பள ஆட்டக்காரர், பிறகுதான் பொது வாழ்க்கை. நம்ம ஊரில் தலைகீழ். சென்னை லீக்கில் காலம்காலமாக ஆடிய அணிகளின் பெயரைப் பாருங்கள்: ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ். எல்லாம் அலுவலகங்கள். நன்றாக ஆடுகிறவன் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவான். கால் ஓய்ந்ததும் அதே மேசையில் உட்கார்ந்து பென்ஷன் வரை ஓட்டுவான். ஆட்டக்காரன் முதல் நாளே அரசு ஊழியன். பாதுகாப்பு உண்டு, ஆனால் முப்பத்தைந்து வயதில் 'அடுத்து என்ன' என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் வராததால், பலபேர் சேர்ந்த நாற்காலியிலேயே நின்றுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டாப்பர், தமிழ்நாட்டுக்கு ஆடியவர், சேர்ந்த பதவியிலிருந்து ஒரே ஒரு படி ஏறி ரிட்டையர் ஆனார். டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. 'நீ கோல் விடாம பாத்துக்கோ, ஃபைலை நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லிவிட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

இப்போது உங்கள் அப்பாவின் கேள்வி: கலெக்டர். தூதரும் கலெக்டரும் பெரும்பாலும் ஒரே பரீட்சையில்தான் வருகிறார்கள், அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு ஒன்றுதான்; தரவரிசையில் கிடைக்கும் இடத்தையும் நீங்கள் எழுதிக்கொடுக்கும் விருப்பத்தையும் பொறுத்து ஐ.ஏ.எஸ்., வெளியுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ். என்று பிரிக்கிறார்கள். எந்தப் பட்டமும் போதும், உங்கள் பி.காம். தாராளம். இந்தத் தேர்வில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது. வயது 21-லிருந்து 32 வரை; ஓ.பி.சி. என்றால் 35, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 37. ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று நினைத்தால் கதவு சாத்தியிருக்கும். கால்பந்துக்காரனின் நல்ல வயதும் இந்தப் பரீட்சையின் வயதும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன, சிக்கலே அதுதான். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியுமா? ஆவோ எம்.பி.பி.எஸ்.ஸோடு இழுத்தார். ஆனால் கல்லூரியில் சேர்ந்த வருடக் கணக்கைப் பார்த்தால் அவருக்கும் படிப்பு நீண்டுகொண்டேதான் போனது. அதையும் மறைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்த அளவில் ஆடிய சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்பதற்கு விதிகள் உண்டு. பெரும்பாலும் மாவட்ட அளவு போதாது, தேசிய அளவில் ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் இப்போது மாவட்டச் சான்றிதழ்தான் இருக்கிறது என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். ஆக அடுத்த இரண்டு சீசனில் பல்கலைக்கழக அணிக்கான செலக்‌ஷனில் நின்றுவிடுங்கள். பங்கேற்ற ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அதே மாதம் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆடிய ஒரு மாநிலப் போட்டியின் சான்றிதழை 'அடுத்த வாரம் வா' என்று சொல்லியே இரண்டு வருடம் இழுத்தார்கள். வந்து சேர்ந்தபோது அது கேட்ட வேலைக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது.

இன்னொன்று, மொழி. ஐ.எஃப்.எஸ். கிடைத்தவர்களுக்கு ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். பிரெஞ்சு, அரபி, சீனம் என்று ஏதாவது ஒன்று. ஆல்பர்ட்டுக்கு அது ஆட்டத்தோடு சும்மா வந்தது. உங்களுக்கு அப்படி வராது. ஆனால் அந்த லாட்ஜுச் சந்தில் மாலை வேளையில் நாலு மாதம் பந்தைப் பற்றிப் பேசினால் வங்காளியும் இந்தியும் காசில்லாமல் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. பிரெஞ்சுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, தேடும்போது குழம்புவீர்கள். யூடியூபில் ஆல்பர்ட் குட்மண்ட்சன் என்று போட்டால் 1997-ல் பிறந்து இத்தாலியில் ஆடும் ஒரு இளைஞர்தான் வருவார். அவர் நம்ம ஆளின் கொள்ளுப் பேரன், தாய்வழியில். பையனுக்குத் தாத்தாவின் அப்பா பெயரை வைத்தார்கள். தகப்பன் பெயரும் தற்செயலாகக் குட்மண்டுர் என்று அமைந்ததால் இனிஷியலும் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. நம்ம வீடுகளில் ஒரே பெயரில் இரண்டு ரேஷன் கார்டு வந்து தாலுகா ஆபீஸில் நிற்பார்களே, அந்தக் குழப்பம்தான். பெரியவரைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் 1923 என்று சேர்த்துத் தேடுங்கள். அதில் வரும் கறுப்பு வெள்ளைப் படங்களில் அவர் முழங்காலைக் கவனியுங்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.